மெஷின் வருகிறது, கிடங்கு தயாரா?

பினாங்குத் தீவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் நடுப்பகுதியை மலை எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சமிருக்கும் தட்டை நிலத்தில்தான் வீடும் சாலையும் விமான நிலையமும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆர்டர் கூடினால் புதிய உற்பத்தி வரிசை போட இடம் வேண்டும். அப்போது நிர்வாகத்தின் கண் முதலில் விழுவது ஸ்டோர் மீதுதான். வரிசை வரிசையாக இரும்பு ரேக்குகள், ஆள் நடக்கவும் தள்ளுவண்டி போகவும் நடைவழிகள், தலைக்கு மேலே பல மீட்டர் உயரத்துக்கு வெறும் காற்று. இந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தானே வாடகை கட்டுகிறோம் என்ற கணக்கு அங்கே தொடங்குகிறது.

அந்தக் கணக்குக்கு விடையாக வருவதுதான் செங்குத்துச் சேமிப்பு இயந்திரம். தொழிற்சாலைகளில் சுருக்கமாக வி.எல்.எம். என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கூரையைத் தொடும் ஒரு பெரிய இரும்பு அலமாரி. உள்ளே முன்னும் பின்னுமாக இரண்டு அடுக்குகள். அவற்றில் நீளநீளமான தட்டுகள். நடுவே லிப்ட் போல ஏறி இறங்கும் ஒரு மேடை. திரையில் உதிரிபாகத்தின் எண்ணைத் தட்டினால், அந்த மேடை சரியான தட்டை இழுத்துக்கொண்டு வந்து இடுப்பு உயரத்தில் இருக்கும் ஜன்னலில் நிறுத்தும். பொருளை எடுத்த பின் தட்டு உள்ளே திரும்பும்போது, அதன் மேலிருக்கும் சரக்கின் உயரத்தை ஒளிக்கதிர் அளந்துகொள்ளும். அந்த உயரத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு இடத்தை மட்டுமே இயந்திரம் ஒதுக்கும். பத்து சென்டிமீட்டர் பெட்டிக்காக நாற்பது சென்டிமீட்டர் அடுக்கு வீணாவதில்லை. ஜெர்மனியின் ஹேனல், சுவிட்சர்லாந்தின் கார்டெக்ஸ், இத்தாலியின் மொடுலா ஆகியவை இந்தத் துறையில் பெயர் பெற்றவை. தரைப்பரப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் மிச்சப்படுத்தலாம் என்று இத்தகைய நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன.

அந்த விளம்பரத்தில் பொய் இல்லை. நடைவழி வேண்டாம், ஏணி வேண்டாம், குனிந்து நிமிர்ந்து முதுகு ஒடிய வேண்டாம். சரக்கு எடுப்பவரின் நேரத்தில் ஏறத்தாழ பாதி நடப்பதிலேயே கழிகிறது என்பது கிடங்குத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு; அந்த நடையையும் இயந்திரம் மிச்சப்படுத்துகிறது. ஆனால் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கக் காட்டும் அக்கறையில் பாதிகூட, அது வந்து நிற்கப்போகும் கிடங்கைத் தயார்செய்யக் காட்டப்படுவதில்லை. தரை, கூரை, கணக்கு, ஆள் என்ற நான்கும் தயாராகாத கிடங்கில் லட்சக்கணக்கான ரிங்கிட் போட்டு இயந்திரத்தை இறக்குவது, தொழிலுக்கும் தொழிலாளிக்கும் சேர்த்துச் செய்யும் கெடுதல்.

கிடங்கு என்ற நம் சொல்

இந்த ஊருக்குக் கிடங்கு புதிதில்லை. மலாய்க்காரர் 'குடாங்' என்பதும் ஆங்கிலேயர் 'கோடவுன்' என்பதும் நம்முடைய 'கிடங்கு' கடல் கடந்து போய் உருமாறிய வடிவங்களே என்று மொழி ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். நகரத்தார் தங்கி வட்டிக்கடை நடத்திய வீடுகளைக் 'கிட்டங்கி' என்று சொன்னதும் அதே வேரிலிருந்துதான். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றிய பின், வரியில்லாத் துறைமுகமாக வளர்ந்த ஜார்ஜ்டவுனில் சரக்கு வந்து இறங்கிய இடமெல்லாம் கிடங்குகள் எழுந்தன. வெல்ட் கீ கரையோரம் இன்றும் நிற்கும் பழைய கட்டடங்களின் தடித்த சுவர்களும் அகன்ற கதவுகளும் அந்தக் காலத்தின் சாட்சி.

கப்பலிலிருந்து தொங்கான் படகில் இறக்கி, தொங்கானிலிருந்து தோளில் ஏற்றி, மூட்டைகளைக் கிடங்குக்குள் கொண்டுபோய் அடுக்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். குறிப்பாகத் தென்தமிழகக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். கொள்கலன் கப்பல்களின் காலம் வந்தது. பெரிய கப்பல்கள் அக்கரையில் பட்டர்வொர்த் துறைக்கே நேராகப் போயின. தொங்கான்களுக்கு வேலை குறைந்தது. மூட்டை சுமந்த தோள்களுக்கும் வேலை குறைந்தது. சரக்கைக் கையாளும் முறை மாறும்போது முதலில் அடிபடுவது யார் என்பதை வெல்ட் கீ ஏற்கெனவே ஒரு முறை பார்த்துவிட்டது.

பினாங்கு தன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை 1969இல் இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய அந்த ஆண்டில் முதலமைச்சராக வந்த லிம் சோங் யூ, தொழிற்சாலைகளைத் தேடி உலகைச் சுற்றினார். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவானது. 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக மண்டலம் திறந்தது. இண்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி என்று வந்த முதல் எட்டு நிறுவனங்களைச் 'சாமுராய் எட்டு' என்று ஊரே பெருமையாகச் சொல்லும். கிராம்பும் மிளகும் ஈயமும் நிறைந்த கிடங்குகளின் ஊரில், விரல்நுனி அளவு சில்லுகளை அடுக்கிவைக்கும் ஸ்டோர்கள் வந்தன. மூட்டைக் கணக்கு போய் ரீல் கணக்கு வந்தது.

தரையைக் கேட்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இயந்திரத்தில் ஐம்பது தட்டுகள். தட்டுக்கு 400 கிலோ சரக்கு என்று வைத்துக்கொண்டால் சரக்கு மட்டும் 20 டன். இயந்திரத்தின் சொந்த எடை ஐந்து டன் என்றால் மொத்தம் 25 டன். இது நிற்கும் இடம் மூன்றுக்கு மூன்று மீட்டர், அதாவது ஒரு கார் நிறுத்தும் இடத்தைவிடச் சிறியது. ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,800 கிலோ. சாதாரண அலுவலகத் தரை சதுர மீட்டருக்கு 250 கிலோவை மனத்தில் வைத்துக் கட்டப்படுகிறது. பதினோரு மடங்கு! அதுவும் பரவலாக இறங்கும் சுமை இல்லை. இயந்திரத்தின் பாதங்கள் படும் சில இடங்களில் குவிந்து இறங்கும் சுமை.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பகுதி பழைய வயல். ஒரு பகுதி கடலைத் தூர்த்து எடுத்த நிலம். அக்கரையில் தொழிற்பேட்டையாகிவிட்ட பத்து காவான் ஒரு காலத்தில் கரும்பும் பின்னர் செம்பனையும் விளைந்த தோட்டம். கரையோரத்து மண் பல இடங்களில் மென்மையான களி. அங்கே கட்டடத்தின் தூண்கள் ஆழத்தில் இறக்கிய பைலின் மேல் உறுதியாக நிற்க, நடுவில் இருக்கும் தரை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல அமிழ்வதைப் பழைய தொழிற்சாலைகளில் பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். கதவு நிலைக்கும் தரைக்கும் நடுவே விழும் இடைவெளியும், சுவரோரம் ஓடும் வெடிப்பும் அதைத்தான் சொல்கின்றன.

ரேக் என்றால் அரை அங்குலம் சாய்ந்தாலும் அடியில் ஒரு தகடு வைத்துச் சமாளிக்கலாம். இந்த இயந்திரத்தில் அது நடக்காது. மூன்று மீட்டர் அகல அடித்தளத்தில் ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர் தாழ்ந்தால், 12 மீட்டர் உயரத்தில் உச்சி 12 மில்லிமீட்டர் சாயும். மேலும் கீழும் ஓடித் தட்டைத் துல்லியமாகக் கவ்வ வேண்டிய மேடைக்கு அது பெரிய தூரம். நிறுவும் நாளில் மட்டம் பார்த்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் சுமை ஏறிய பின் தரை அமிழ்ந்தால் என்ன செய்வது?

ஆகவே விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே சிவில் பொறியாளரை அழைக்க வேண்டும். தரையில் கோர் எடுத்துக் கான்கிரீட்டின் தடிமனையும் வலுவையும் அறிய வேண்டும். உள்ளே கம்பி எப்படி ஓடுகிறது, மின்குழாயும் கழிவுநீர்க் குழாயும் எங்கே போகின்றன, விரிவு இணைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும். இழுவிசைக் கம்பி வைத்துக் கட்டிய தரை என்றால் கண்ட இடத்தில் துளையிடவே கூடாது. நங்கூர போல்ட் போடுகிறேன் என்று ஒரு கம்பியை அறுத்தால் கட்டடத்துக்கே ஆபத்து. மாடித் தொழிற்கூடங்களில் இரண்டாம், மூன்றாம் தளத்தில் ஸ்டோர் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். கட்டடத்தின் பழைய வரைபடம் கிடைக்கவில்லை என்பதைச் சாக்காகச் சொல்லி வேலையை நகர்த்தக்கூடாது; வரைபடம் இல்லாத இடத்தில்தான் சோதனை அதிகம் வேண்டும்.

2023 நவம்பர் 28 இரவு, பத்து மாவுங்கில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கிடங்குக் கட்டடத்தின் உத்தரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. வேலையில் இருந்த பங்களாதேஷ் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அது இயந்திரம் நிறுவும் வேலை இல்லைதான். ஆனாலும், டன் கணக்கான எடையை உயரத்தில் ஏற்றும் எந்த வேலையிலும் ஒரு தவறுக்கு விலை என்ன என்பதைப் பினாங்கு கண்ணெதிரே பார்த்தது. 12 மீட்டர் உயரத்தில் இரும்புச் சட்டங்களைப் பொருத்தப்போகிறவர்களும் யாரோ ஒரு குத்தகையாளரின் ஆட்கள்தான். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டன. ஆபத்து மதிப்பீடு செய்வது இப்போது முதலாளியின் சட்டக் கடமை. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. இயந்திரம் நிறுவும் வாரத்தில் இந்த இரண்டும் ஏட்டில் மட்டும் இருக்கக்கூடாது.

கூரை, நெருப்பு, மழை

தரைக்கு அடுத்தது தலைக்கு மேல். வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் உயரம் ஒன்று. உண்மையில் கிடைக்கும் உயரம் வேறு. உத்தரம், விளக்கு, குளிர்சாதனக் குழாய், ஸ்பிரிங்ளர் குழாய் எல்லாம் கீழே தொங்குகின்றன. ஸ்பிரிங்ளர் தலைக்குக் கீழே ஏறத்தாழ அரை மீட்டர் வெறுமையாக இருந்தால்தான் தண்ணீர் விரிந்து விழும். இயந்திரத்தை உச்சிவரை உயர்த்திவிட்டு ஸ்பிரிங்ளரை அடைத்துவிட்டால், மிச்சம்பிடித்த இடத்தைவிட இழப்பு பெரிது.

இந்த இயந்திரம் மூடிய இரும்புப் பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் ரீலும் அட்டைப்பெட்டியும் அடர்த்தியாக இருக்கும். புகை வெளியே தெரிவதற்குள் நெருப்பு உள்ளே நெடுந்தூரம் ஏறிவிடலாம். மேலிருந்து பெய்யும் தண்ணீர் உள்ளே போகாது. ஆகவே உள்ளேயே புகை உணர்கருவி வேண்டுமா, தனித் தீயணைப்பு ஏற்பாடு வேண்டுமா என்பதை, நாம் எல்லோரும் போம்பா என்றே சொல்லும் தீயணைப்பு, மீட்புத் துறையிடம் வரைபடத்தோடு போய்க் கேட்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்திய பின் கேட்பது பயனற்றது.

நெருப்பின் கொடுமை பினாங்குக்குத் தெரியாததும் இல்லை. இண்டெல் நிறுவனத்தின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே, 1975இல் தீக்கிரையானது. மீண்டும் கட்டி எழுப்பினார்கள். அண்மைக்காலப் பாடம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ஆண்டோவர் நகரில் ஒகாடோ நிறுவனத்தின் தானியங்கி மளிகைக் கிடங்கு 2019 பிப்ரவரியில் நாள்கணக்கில் எரிந்து அழிந்தது. தொடக்கம் எங்கே? ரோபோ ஒன்றுக்கு மின்னேற்றும் இடத்தில் ஏற்பட்ட கோளாறு. உலகமே வியந்து பார்த்த கிடங்கு அது.

மழையையும் மறக்க முடியாது. 2017 நவம்பர் 4, 5 நாள்களில் கொட்டிய மழையில் பினாங்கு மாநிலம் முழுக்கத் தண்ணீர் புகுந்தது, உயிர்களும் போயின. ரேக்கில் கீழ்த்தட்டு நனைந்தால் சரக்கை மேலே தூக்கிவைக்கலாம். இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் நின்றால் மேலே பத்து மீட்டர் உயரத்தில் காய்ந்திருக்கும் சரக்கைக்கூட எடுக்க முடியாது. தரைமட்டத்தை உயர்த்துவதா, மின்பெட்டியை மேலே பொருத்துவதா, விலையுயர்ந்த பாகங்களுக்குக் கீழ்த்தட்டுகளைத் தவிர்ப்பதா என்பதை அந்த இடத்தின் வெள்ள வரலாற்றைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். கூரையில் இருக்கும் சிறு ஒழுக்கும் அப்படித்தான். நடைவழியில் சொட்டும்போது வாளி வைத்தோம். இயந்திரத்தின் உச்சியில் சொட்டினால் வாளி வைக்க யார் ஏறுவார்கள்?

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 1996 ஆகஸ்ட் 3 அன்று தீபகற்பம் முழுவதும் இருண்டது பலருக்கும் நினைவிருக்கும். ரேக் இருந்தவரை டார்ச் லைட் அடித்தாவது பாகத்தை எடுக்க முடிந்தது. இப்போது எல்லாம் ஒரே பெட்டிக்குள். அடிக்கடி தேவைப்படும் பாகங்களை ஒரே இயந்திரத்தில் குவிக்காமல் இரண்டாகப் பிரித்து வைப்பது, உற்பத்தியை நிறுத்தக்கூடிய முக்கிய உதிரிபாகங்களில் கொஞ்சத்தை வெளியே வைப்பது, கையால் தட்டை இறக்கும் முறையை ஷிப்டுக்கு இருவராவது பழகியிருப்பது ஆகியவை எல்லாம் பெரிய செலவில்லாத முன்னேற்பாடுகள்.

குப்பையை ஏற்றினால் குப்பைதான் இறங்கும்

தரையும் கூரையும் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது கணக்கு. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய எந்த ஸ்டோரிலும் மூன்று விதச் சரக்கு இருக்கும்: தினமும் நகர்வது, எப்போதாவது நகர்வது, நகரவே நகராதது. வாடிக்கையாளர் போய்விட்ட பொருளுக்கான பாகங்கள், நிறுத்திவிட்ட மாடலின் திருகாணிகள், யாரோ ஒருவர் எதற்கோ வாங்கிவைத்த மோட்டார்கள். யாருக்கும் மனம் வராமல் ரேக்கில் தூசி படிந்து கிடப்பவை. இவற்றையும் சேர்த்து இயந்திரத்தில் ஏற்றுவது, பழைய குப்பைக்குப் புது மாளிகை கட்டுவது போல.

ஒவ்வொரு பாகத்தின் நீளம், அகலம், உயரம், எடை கணினியில் சரியாக இருக்க வேண்டும். ஒரே பாகம் இரண்டு எண்களில் பதிவாகியிருந்தால் ஒன்றாக்க வேண்டும். ரீல் கணக்கா, துண்டுக் கணக்கா என்ற குழப்பம் தீர வேண்டும். ஈரம் படக்கூடாத சில்லுகளுக்குத் தனி ஏற்பாடு தேவை. பினாங்கின் ஈரக்காற்றில் இது சின்ன விஷயமில்லை. நிலைமின் பாயாமல் தட்டுகளுக்கும் டப்பாக்களுக்கும் தகுந்த பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் இயந்திரத்தை இயக்கினால் தவறான பாகத்தை அதிவேகமாகக் கொண்டுவந்து நீட்டும்.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. பிரிட்டனின் செயின்ஸ்பரிஸ் பேரங்காடி நிறுவனம் புதிய தானியங்கிக் கிடங்குகளையும் கணினி முறையையும் நம்பிப் பெருமுதலீடு செய்தது. சரக்கு கிடங்கில் இருந்தது. கடை அடுக்குகள் காலியாக இருந்தன. 2004 அக்டோபரில் அந்நிறுவனம் 26 கோடி பவுண்டு மதிப்பைக் கணக்கிலிருந்தே தள்ளுபடி செய்தது. அடுக்குகளை நிரப்பக் கடைகளுக்குக் கூடுதலாக ஆயிரக்கணக்கான ஆட்களைச் சேர்க்கப்போவதாகவும் அறிவித்தது. அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம் தானியங்கிப் பயணப்பெட்டி முறை சரியாக ஓடாததால் 16 மாதம் தாமதித்து 1995 பிப்ரவரியில் திறந்தது. பத்தாண்டு கழித்து அந்த முறையையே கைவிட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1962இல் ஜெர்மனியின் கூட்டர்ஸ்லோ நகரில் பெர்டல்ஸ்மன் பதிப்பகத்துக்காக 20 மீட்டர் உயரத்தில் எழுந்த தானியங்கிப் புத்தகக் கிடங்குதான் இந்த வகையில் உலகின் முதல் முயற்சிகளில் ஒன்று. அதன்பின் அறுபது ஆண்டுகளாக இந்தத் தொழில்நுட்பம் உலகெங்கும் வேரூன்றி நிற்கிறது. டென்வரிலும் செயின்ஸ்பரிஸிலும் நடந்ததை வைத்துத் தானியக்கமே கூடாது என்று சொல்வது அறியாமை. இயந்திரத்தை எந்த நிலைமையில் எவ்வளவு அவசரத்தில் இறக்கினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் சிறு முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. நகராத சரக்கைக் கழித்து, கணக்கைச் சுத்தம் செய்து, ரேக்குகளை மறுபடி அடுக்கிப் பார்த்தால், இயந்திரமே தேவையில்லை என்று தெரியவரலாம். பிறையிலோ சுங்கை பாக்காப்பிலோ முப்பது பேரை வைத்துத் தொழில் செய்பவருக்கு அது நஷ்டமில்லை, லாபம். பக்கத்துத் தொழிற்சாலை வாங்கிவிட்டது என்பதற்காக யாரும் வாங்க வேண்டியதில்லை.

ஸ்டோர் ஆட்களை எப்போது கூப்பிடுவது?

கிடங்கைத் தயார்செய்யும் வேலையில் மிகவும் புறக்கணிக்கப்படுவது ஆள். கூட்டம் நடக்கிறது. நிர்வாகி வருகிறார், கணக்காளர் வருகிறார், கணினிப் பிரிவு வருகிறது, இயந்திரம் விற்பவர் படம் போட்டுக் காட்டுகிறார். இருபது ஆண்டுகளாக அதே ஸ்டோரில் நிற்கும் ஸ்டோர் கீப்பர் மட்டும் அங்கே இல்லை. இயந்திரம் லோரியில் வந்து இறங்கும் நாளில்தான் அவருக்கு விவரம் தெரிகிறது.

ஆனால் அந்த ஸ்டோரைப் பற்றிய உண்மையான அறிவு அவரிடம்தான் இருக்கிறது. எந்த சப்ளையரின் பெட்டியில் லேபிள் ஒன்று, உள்ளே சரக்கு வேறு என்று அவருக்குத் தெரியும். மாதக் கடைசியில் லைன் எந்தப் பாகத்தைக் கேட்டு ஓடிவரும் என்று தெரியும். எந்த இரண்டு பாகம் பார்க்க ஒரே மாதிரி இருந்து ஆளை ஏமாற்றும் என்று தெரியும். "அண்ணே, அந்தப் பழைய மாடல் கனெக்டர் எங்கே?" என்று ராத்திரி ஷிப்ட் பையன் போனில் கேட்டால், தூக்கக் கலக்கத்திலேயே ரேக் எண்ணைச் சொல்லும் ஆள் அவர். அவர் தலைக்குள் இருக்கும் இந்த விவரம் கணினிக்குப் போகாவிட்டால், இயந்திரம் நிறைய இடமும் தட்டு நிறையச் சரக்கும் இருந்தும் லைன் காத்துக்கிடக்கும். அவர் தன் அறிவைச் சொல்ல வேண்டுமானால், சொன்ன பிறகு தன் வேலை என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அச்சத்தில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார். அதில் அவர் மேல் குற்றமும் இல்லை.

பினாங்கு, செபராங் பிறைத் தொழிற்சாலைகளின் ஸ்டோர்களிலும் சரக்கேற்றும் மேடைகளிலும் போர்க்லிப்ட் இருக்கைகளிலும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியே வந்த தலைமுறைக்கு இது மாதச் சம்பளம் தந்த வேலை. பிள்ளைகளைப் படிக்கவைத்த வேலை. இயந்திரம் வந்தால் நடக்கிற வேலையும் தூக்குகிற வேலையும் குறையும். அதை மறைக்க வேண்டியதில்லை. அதே சமயம் புதிய வேலைகளும் வரும்: இயந்திரத்தை இயக்குவது, முதல்நிலைப் பராமரிப்பு, சரக்குக் கணக்கைச் சரிபார்ப்பது, எந்தப் பாகத்தை எந்தத் தட்டில் வைப்பது என்று திட்டமிடுவது. இந்த வேலைகளுக்கு வெளியிலிருந்து புது ஆள் எடுப்பதா, இருக்கும் ஆளைப் பழக்குவதா என்பது நிர்வாகத்தின் விருப்பம் சார்ந்தது. சரக்கை அறிந்த ஆளுக்குத் திரையைப் பழக்குவது சில வாரங்களில் முடியும். திரையை அறிந்த ஆளுக்குச் சரக்கைப் பழக்க ஆண்டுகள் ஆகும்.

இதற்கான பணமும் இடமும் நாட்டில் இருக்கின்றன. பத்தும் அதற்கு மேலும் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாகக் கட்டுகிறார்கள். பயிற்சிக்கென்றே கட்டும் பணம் அது. பாயான் லெப்பாஸிலேயே பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் 1989 முதல் இயங்குகிறது. அரசும் தொழிற்சாலைகளும் கல்வியாளரும் சேர்ந்து நடத்தும் அத்தகைய மையம் நாட்டில் அதுவே முதல். 'சாமுராய் எட்டு' நிறுவனங்கள் காலூன்றிய ஊரில், போட்டி நிறுவனங்களே ஒன்றுகூடித் தொழிலாளரைப் பழக்கலாம் என்று முன்னுதாரணம் காட்டியது பினாங்குதான். 2024 மே மாதம் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்கப்போவதாகச் சொல்கிறது. நல்ல இலக்கு. அதோடு ஸ்டோரில் நிற்கும் எஸ்.பி.எம். படித்த தொழிலாளிக்கும் அந்த வியூகத்தில் ஓர் இடம் வேண்டும் என்று கேட்பது நியாயமே.

ஆகவே முதலாளிகளிடம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். கொள்முதல் ஆணையில் கையெழுத்திடும் முன் மேசையில் நான்கு தாள்கள் இருக்கட்டும்: தரையைச் சோதித்த பொறியாளரின் அறிக்கை, போம்பா பார்த்துக் கருத்துச் சொன்ன வரைபடம், கழித்துச் சுத்தம் செய்த சரக்குப் பட்டியல், ஸ்டோரில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அடுத்த ஆண்டு எந்த வேலையில் இருப்பார் என்று பெயரோடு எழுதிய தாள். நான்காவது தாளை அந்தத் தொழிலாளர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். தொழிலாளர்களும் இயந்திரம் வந்து இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பெயரில் கட்டப்படும் லெவியில் உங்களுக்கு என்ன பயிற்சி என்று இந்த மாதமே மனிதவளப் பிரிவில் போய்க் கேளுங்கள்.